சுரங்கத் தண்ணீர் பாயும் வயலில் விளைந்ததைச் சாப்பிடலாமா? காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டாவில் சுரங்கமே இல்லையே, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்குள் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் கிடையாது, உண்மைதான். ஆனால் படுகையின் வடக்கு ஓரத்தில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரிகள். படுகைக்குள்ளேயே நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் பக்கம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கிறது. முன்பே நடந்துகொண்டிருப்பதைத் தொடாது. 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டன.

படுகையின் பெரும்பாலான வயல்களுக்குச் சுரங்கக் கழிவு வந்ததே இல்லை. சுரங்க வடிகாலோ சாம்பல் குளத்து வழிநீரோ பாயும் வாய்க்காலில் பாசனம் செய்கிறவர்களுக்கும், எண்ணெய்க் குழாய் போகும் வயல்காரர்களுக்கும்தான் இந்தப் பக்கம் முதலில் பயன்படும்.

எந்தச் சுரங்கத்திலிருந்து என்ன வரும்?

ஒவ்வொன்றும் ஒரு விதம். எல்லாவற்றையும் ‘ரசாயனக் கழிவு’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் தவறான சோதனைக்குப் பணம் கட்டி ஏமாறுவோம்.

பழுப்பு நிலக்கரியோடு இரும்புக் கந்தகக் கனிமமும் இருக்கும். அதில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் பாறையிலுள்ள இரும்பு, மாங்கனீசு, நிக்கல் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வரும். கரியை எரித்த சாம்பலில் ஆர்செனிக், செலினியம், போரான் தங்கும். பாதரசத்தில் பெரும்பகுதி புகையோடு போய்ப் பிறகு மண்ணில் இறங்கும். நெய்வேலியைச் சுற்றிய நீரில் பாதரசம் இருப்பதாக எழுந்த புகாரை 2023-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

இங்கே மூன்று தண்ணீரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுரங்கத்தின் அடியிலுள்ள ஊற்றழுத்தத்தைக் குறைக்க ஆழத்திலிருந்து இறைப்பது ஒன்று. குழியின் தரையில் தேங்கி, மண்ணையும் கரியையும் கழுவிக்கொண்டு வருவது இரண்டாவது. சாம்பல் குளத்திலிருந்து வழிவது மூன்றாவது. முதலாவது பெரும்பாலும் நல்ல தண்ணீர். சந்தேகம் மற்ற இரண்டின் மேல்தான். வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி வரை போகும்போது எது எவ்வளவு கலந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது.

சுண்ணாம்புக்கல் குவாரியில் பிரச்சினை தூசி. இலை மேல் படிந்து விளைச்சலைக் கெடுக்கும், மூச்சுக்கும் ஆகாது. ஆனால் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், பல உலோகங்களைப் பயிர் எடுக்க விடாமல் பிடித்தும் வைக்கும்.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து முதலில் வருவது உப்பு. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் ஆழ்நீர் கடும் உப்பாக இருக்கும். துளையிடும் சேற்றில் பேரியம் உண்டு. அதற்குப் பிறகுதான் எண்ணெய்.

ஆற்று மணல் அள்ளுவதால் உலோகம் வராது. ஆனால் ஆறு பள்ளமாகி, கடைமடையில் கடல்நீர் உள்ளே ஏறும். உப்பு ஏறிய மண்ணில் உள்ள குளோரைடு, கேட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பிடித்து நீரில் கரைய வைத்துப் பயிருக்குக் கொடுக்கும். அதனால் ஒரே அளவு கேட்மியம் உள்ள மண்ணென்றாலும், தலைமடையைவிடக் கடைமடை உப்பு நிலத்தில் பயிருக்குள் ஏறுவது அதிகம்.

ஜப்பானில் அரிசி சாப்பிட்டே எலும்பு நொறுங்கியதாகச் சொல்கிறார்களே?

தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கம் துத்தநாகமும் ஈயமும் எடுத்தது. துத்தநாகத் தாதுவோடு கேட்மியம் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும். கழிவு ஆற்றில் போய், ஆற்று நீர் வயலில் போய், வயலிலிருந்து அரிசிக்கு ஏறியது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய, பல பிள்ளை பெற்ற பெண்கள். சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினால்கூட முறியும் நிலை. வலி தாங்காமல் கத்தியதால் ‘இத்தாய் இத்தாய்’ (வலிக்குது, வலிக்குது) என்றே நோய்க்குப் பெயர் வந்தது. 1968-இல் அரசு அதைச் சுரங்கக் கழிவால் வந்த நோய் என்று ஏற்றது. வயல்களின் மண்ணை மாற்றும் வேலை 2012-இல்தான் முடிந்தது. அதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

நம் படுகையில் துத்தநாகச் சுரங்கம் இல்லை, எனவே அதே அளவு இங்கே வரும் என்று பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனால் அங்கே நோய் வந்த வழியைக் கவனியுங்கள்: ஆற்றுப் பாசனம், மூன்று வேளையும் சொந்த வயல் அரிசி, சத்துக் குறைந்த பெண்கள். இந்த மூன்றும் நமக்கும் உண்டு.

அரிசியில் எவ்வளவு இருந்தால் ஆபத்து?

அரிசியில் கேட்மியத்துக்கு உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த உச்சம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். சீனா 0.2 என்று வைத்திருக்கிறது. பட்டை தீட்டிய அரிசியில் கனிம ஆர்செனிக்குக்கு (ஆர்செனிக்கின் நச்சு அதிகமான வடிவம்) கோடெக்ஸ் வரம்பு 0.2, பழுப்பரிசிக்கு 0.35.

இவை வணிகத்துக்கான வரம்புகள். உங்கள் தட்டுக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் கேட்மியம் வரை தாங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்ன அளவு. 60 கிலோ ஆளுக்கு மாதம் 1,500, அதாவது நாளுக்கு 50 மைக்ரோகிராம். டெல்டாவில் வயல் வேலை செய்கிறவர் நாளுக்கு 400 கிராம் அரிசியைச் சுலபமாகச் சாப்பிடுவார். அந்த அரிசியில் 0.4 இருந்தால் 160 மைக்ரோகிராம் உள்ளே போகும். வரம்புக்குள் இருக்கும் அரிசிதான், ஆனால் தாங்கும் அளவைப் போல மூன்று மடங்கு. 0.1 இருந்தால் 40. எனவே மூன்று வேளை சோறு தின்னும் வீட்டுக்கு 0.1-ஐத்தான் இலக்காகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று: கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் ஆயிரம் வயல் நெல்லோடு கலந்துவிடும். பத்தாயத்தில் போடும் நெல் கலக்காது. நகரத்தில் வாங்கித் தின்கிறவரைவிட, அந்த வயலுக்குச் சொந்தமான வீட்டுக்கும் அங்கே கூலி நெல் வாங்குகிறவருக்கும்தான் ஆபத்து அதிகம்.

குழந்தைகளுக்கு?

12 கிலோ குழந்தைக்கு அதே கணக்கில் நாளுக்கு 10 மைக்ரோகிராம். 0.1 உள்ள அரிசியில் 100 கிராம் சாப்பிட்டாலே வரம்பு வந்துவிடும். பெரியவர்களுக்குச் சரி என்பது குழந்தைக்குச் சரியாகாது. சந்தேகமுள்ள வயல் அரிசியில் கஞ்சி மாவு அரைக்காதீர்கள். வேறு ஊர் கேழ்வரகு, பாசிப்பயறு, வேறு இடத்து அரிசி என்று மாற்றிக் கொடுங்கள்.

ஈயத்தைப் பொறுத்தவரை குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அது மூளை வளர்ச்சியைத் தொடும். ஈயத்தைப் பயிர் வேர் வழியே அதிகம் ஏற்றாது. கீரை மேல் படிந்த தூசி, தவழும் குழந்தையின் கை, களத்து மண், இவைதான் அதன் வழி.

பயிரில் ஏறாமல் இருக்கத் தண்ணீரை எப்படிக் கட்டுவது?

வயலில் நீர் நின்றால் மண்ணில் காற்று அற்றுப்போகும். கந்தகம் சல்பைடாக மாறி, கேட்மியத்தைப் பிடித்து நீரில் கரையாத பொருளாக்கி உட்கார வைக்கும். வயல் காய்ந்து வெடித்தால் காற்று நுழைந்து, அந்தக் கட்டு அவிழ்ந்து, பால் பிடிக்கும் நேரத்தில் கேட்மியம் நேராக மணிக்குப் போகும். ஆர்செனிக் இதற்கு நேர் எதிர். அது மண்ணில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் நின்றால் துரு கரையும், ஆர்செனிக் வெளியே வரும்.

எனவே ‘தண்ணீர் கட்டு’ என்றோ ‘காயவிடு’ என்றோ பொதுவாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். முதலில் எது பிரச்சினை என்று தெரிய வேண்டும்.

கேட்மியம் என்றால்: கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, வந்து மூன்று வாரம் வரை இரண்டு, மூன்று அங்குல நீர் விடாமல் நிற்க வேண்டும். ஆடுதுறை 43 போன்ற 105 – 110 நாள் குறுவை ரகத்துக்கு ஏறத்தாழ 55-ஆம் நாள் முதல் 95-ஆம் நாள் வரை. சி.ஆர். 1009 போட்ட சம்பாவுக்கு 105 முதல் 145 வரை. பிறகு அறுவடைக்கு வடியவிடலாம். அறுவடை இயந்திரம் இறங்க வேண்டும் என்று மூன்று வாரம் முன்பே வடிகட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. முறைப்பாசனக் காலத்தில் கடைமடைக்கு நீர் வராமல் கதிர் நேரத்தில் வயல் வெடித்தால், போர்நீர் இருப்பவர் அந்த ஆறு வாரத்துக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஆர்செனிக் என்றால்: தூர் கட்டும் பருவத்திலிருந்து காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் புதைத்த, ஓட்டை போட்ட நீர் அளவுக் குழாயில் நீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர். பூக்கும் வாரத்தில் மட்டும் காயவிடக் கூடாது, பதராகிவிடும்.

இரண்டும் இருந்தால்? அந்த வயலில் நெல்லை விட்டுவிடுவது நல்லது. பருத்தி, தீவனமல்லாத மரப்பயிர், பூச்செடி என்று யோசியுங்கள்.

சமைக்கும்போது குறைக்க முடியுமா?

ஆர்செனிக்கை முடியும். அரிசியை நாலு தண்ணீர் களைந்து, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு நீர் உலை வைத்து, கஞ்சியை வடித்துவிட்டால் ஏறத்தாழப் பாதி போய்விடும். நம் பாட்டிமார் வடித்த சோறுதான். குக்கர் வந்த பிறகு ஊற்றிய நீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே தங்குகிறது. வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தாலோ மாட்டுக்கு ஊற்றினாலோ வடித்ததற்கு அர்த்தமில்லை. வடித்தால் பி வைட்டமின்களும் போகும். பருப்பு, கீரையில் அதை ஈடுசெய்யுங்கள்.

சமைக்கும் தண்ணீரிலேயே ஆர்செனிக் இருந்தால் கதை தலைகீழ். ஆறு பங்கு நீர் ஊற்றினால் அரிசி அதை உறிஞ்சிக்கொள்ளும். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, கேட்மியத்துக்கு 0.003, ஈயத்துக்கு 0.01, பாதரசத்துக்கு 0.001.

கேட்மியம் வடித்தாலும் பெரிதாகப் போகாது. மணியின் உள்ளே பரவலாக இருப்பதால் பட்டை தீட்டினாலும் கொஞ்சமே குறையும். ஆர்செனிக் தவிட்டில் அதிகம். கைக்குத்தல் அரிசி நல்லதுதான், ஆனால் ஆர்செனிக் உள்ள வயலின் கைக்குத்தல் அரிசி தீட்டிய அரிசியைவிட மோசம்.

எந்தக் காய் தின்னலாம், எதை விட வேண்டும்?

கீரைகள்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் கேட்மியத்தை இலைக்கு நன்றாக ஏற்றும். கழுவினால் தூசியிலுள்ள ஈயம் போகும், உள்ளே ஏறிய கேட்மியம் போகாது. கிழங்குகளில் தோலோடு ஒட்டிய மண்ணே பாதிப் பிரச்சினை. சேப்பங்கிழங்கு, முள்ளங்கியைத் தோல் தடிமனாகச் சீவுங்கள். புடலை, பூசணி, சுரை, வெண்டை, மொச்சை, தேங்காய், வாழைப்பழம் இவற்றில் பொதுவாகக் குறைவு.

கத்தரிக்காய் நடுவில் நிற்கும். சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரியில், கேட்மியம் பாதிக்கும் கீழே குறைந்தது ஜப்பானியச் சோதனைகளில் தெரிந்தது. சுண்டைக்காய் வேர் அதை மேலே விடுவதில்லை. வாடல் நோய்க்காக ஒட்டுக்கத்தரி நடுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நாற்றங்காலில் கேட்டால் கிடைக்கும்.

தரிசில் விதைக்கும் உளுந்து, பயறு மணியில் இலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் வயல் காய்ந்து கிடக்கும். நெல்லைச் சோதித்து நிம்மதியாகிவிட்டு, உளுந்தைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

வயல் நத்தை, நண்டு, குளத்து மீன்?

நத்தையையும் நண்டையும் சந்தேகமுள்ள வாய்க்காலில் பிடிக்காதீர்கள். நத்தை சேற்றையே தின்பது. அதன் உள்ளுறுப்பில் கேட்மியம் சேரும். நண்டில் மஞ்சள் பகுதியை நீக்கினால் பெரும்பகுதி போய்விடும், ஆனால் அதைத்தானே ருசிக்காக எடுக்கிறோம். பாதரசம் வேறு மாதிரி. நீர் நின்ற சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும். அது சிறு மீனிலிருந்து விராலுக்குப் போகப் போகக் கூடும். பெரிய விராலைவிடச் சின்ன கெண்டை மேல். சீனாவின் குய்சூ மாகாணத்தில் பாதரசச் சுரங்கப் பகுதி மக்களுக்கு மீனைவிட நெல் வழியாகவே அதிகம் ஏறியது தெரிந்திருக்கிறது.

வைக்கோலில் மணியைவிட உலோகம் அதிகம். தின்னும் மாட்டின் பாலில் கொஞ்சமே வரும். ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். ஆட்டு, மாட்டு ஈரலை இப்படிப்பட்ட ஊரில் வாரம்தோறும் வைக்காதீர்கள்.

மண்வள அட்டை வாங்கியிருக்கிறேன், அதில் எல்லாம் சரி என்று இருக்கிறதே?

அந்த அட்டை தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கரிமச்சத்து, கார அமில நிலை, உப்பு நிலை ஆகிய 12-ஐத்தான் சொல்லும். கேட்மியம், ஈயம், ஆர்செனிக், பாதரசம் அதில் கிடையாது.

அப்படியானால் எதை, எங்கே, எப்படிச் சோதிப்பது?

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மண்ணை விடுங்கள், அரிசியைச் சோதியுங்கள். மண்ணில் எவ்வளவு இருந்தாலும் அது மணிக்குப் போனதா என்பதுதான் உங்களுக்கு வேண்டும். ஒரே மண்ணில், தண்ணீர் கட்டிய வயலுக்கும் காய்ந்த வயலுக்கும் மணியில் பல மடங்கு வித்தியாசம் வரும்.

நெல் எடுக்கும் முறை: ஒவ்வொரு வயலுக்கும் தனி மாதிரி. களத்தில் குவியலின் மேல், நடு, அடி என்று பத்து இடத்தில் கை போட்டு எடுத்துக் கலந்து இரண்டு கிலோ புது பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். ஊர் மில்லில் அரைத்துக் கொடுக்காதீர்கள்; முன்னால் அரைத்தவர் அரிசி உள்ளே கிடக்கும். நெல்லாகவே கொடுத்து ஆய்வகத்தில் உரிக்கச் சொல்லுங்கள்.

மண்ணும் எடுப்பதாக இருந்தால், ‘வி’ வடிவில் வெட்டி 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஓரத்தைச் சீவ வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடம். வரப்பு, எருக்குழி, மர நிழல், மடை வாய் ஆகியவற்றைத் தவிர்க்கவும். மடை வாய் மண்ணைத் தனி மாதிரியாக எடுத்தால் நல்லது. வாய்க்கால் கொண்டு வருவது முதலில் அங்கேதான் படியும். உலோகச் சோதனைக்குத் துத்தநாகம் பூசிய தட்டோ வாளியோ கூடாது. மரக்குச்சி, பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் கரண்டி போதும்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுச் சோதனைக் கூடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கிய உணவைப் பொதுமக்கள் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். தனியார் கூடத்துக்குப் போனால், ஆய்வகங்களின் தரத்துக்குத் தேசிய வாரியம் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உங்களுக்கு வேண்டிய அந்த உலோகத்துக்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது மூன்று இடத்தில் ஏமாறுவார்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால், எவ்வளவுக்குக் கீழே கண்டறியமுடியாது என்று பாருங்கள். கருவியின் கீழ் எல்லை 0.5 என்றால், 0.4 வரம்பைத் தாண்டிய அரிசிகூட அதில் ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் வரும். அடுத்து, ஆர்செனிக் மொத்தமா, கனிம ஆர்செனிக்கா? வரம்பு கனிமத்துக்கு. கீரையில் காய்ந்த எடைக்கா, பச்சை எடைக்கா? காய்ந்த எடைக்கான எண் பச்சை எடையைவிடப் பத்து மடங்குக்கு மேல்கூட இருக்கும். அதை வரம்போடு ஒப்பிட்டுப் பதறவும் வேண்டாம்.

மண்ணைச் சரிசெய்ய என்ன போடலாம்?

முதலில் வருவதை நிறுத்துங்கள். வடிகால் நீர் வந்துகொண்டிருக்கும்போது மண்ணில் எதைப் போட்டாலும் வீண். சுரங்க வடிகால் சேரும் ஏரியின் வண்டலை அள்ளி வயலில் போடாதீர்கள். வண்டல் நம் ஊரில் பொன்தான், ஆனால் உலோகமும் அதே நுண்மண்ணோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சாம்பலும் வேண்டாம்.

பி.எச். (கார அமில நிலை) 6-க்குக் கீழே இறங்கியிருந்தால் சுண்ணாம்பு உதவும். எவ்வளவு என்பதைச் சுண்ணாம்புத் தேவைச் சோதனை சொல்லும். குத்துமதிப்பாக ஏக்கருக்கு ஒரு டன் ஆகும். ஜிப்சம் சுண்ணாம்பு அல்ல. அது களர் நிலத்துக்கு, அமிலத்தை மாற்றாது. படுகையின் சாதாரண வண்டல் மண் 7-க்கு மேலேயே இருக்கும், அங்கே சுண்ணாம்பு தேவையில்லை. ஆர்செனிக் உள்ள வயலில் சுண்ணாம்பு போட்டால் ஆர்செனிக் கரையலாம், எச்சரிக்கை.

துத்தநாகப் பற்றாக்குறை நம் நெல் வயல்களில் பொதுவானது. துத்தநாகமும் கேட்மியமும் ஒரே வாசலில் முட்டும். துத்தநாகம் குறைந்தால் கேட்மியம் நுழையும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள், சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதீர்கள். பில் இல்லாத மலிவு மூட்டை வேண்டாம்; போலித் துத்தநாக உரத்திலேயே கேட்மியம், ஈயம் இருக்கலாம்.

இயற்கை விவசாயத்துக்கு மாறினால் போய்விடுமா?

போகாது. பூச்சிமருந்து சிதையும், உலோகம் சிதையாது. தொழு எரு கொஞ்சம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சூரியகாந்தி போட்டு உறிஞ்சி எடுக்கலாம் என்கிறார்கள். பல ஆண்டு ஆகும், அறுத்த செடியை எங்கே போடுவது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

வாய்க்காலில் பளபளவென்று படலம் மிதக்கிறது. எண்ணெயா?

ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல் உடைந்து தனித்தனியாக விலகினால் அது இரும்பு நுண்ணுயிர்ப் படலம். மதகடியில் துரு நிறச் சேறும் இருக்கும். குச்சியின் பின்னாலேயே மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய்.

குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவினால்?

2017 ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் நடந்தது நினைவிருக்கும். முதல் வேலை, மடையையும் வடிகாலையும் மண் போட்டு அடைப்பது. பம்பை நிறுத்துங்கள். உழாதீர்கள், உழுதால் மேலே இருந்தது அடிமண்ணுக்குப் போகும். அடுத்த வயலுக்குக் கழுவிவிடாதீர்கள். தீப்பொறி கூடாது, எண்ணெய்ப்பட்ட வைக்கோலைக் கொளுத்தவும் கூடாது. வைக்கோலைப் பரப்பி உறிஞ்ச விட்டு ஒரே இடத்தில் குவித்து வையுங்கள், அது சாட்சியும்கூட. எண்ணெய் நனைத்த கதிரைச் சாப்பிடவும் விற்கவும் கூடாது. அடுத்த பருவத்துக்கு முன் உப்பு நிலையைப் பாருங்கள். மண்சாற்றில் உப்பு நிலை (மின்கடத்து திறன்) மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும்.

பல வருடம் சாப்பிட்டாயிற்று. என்ன சோதனை செய்துகொள்வது?

சிறுநீரகத்தில் சேர்ந்த கேட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். வழக்கமான கிரியாட்டினின் சோதனை ஆரம்பச் சேதத்தைக் காட்டாது. சிறுநீரில் கேட்மியமும், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதமும் பார்க்க வேண்டும். ஈயத்துக்கு ரத்தம், 5 மைக்ரோகிராம் (டெசிலிட்டருக்கு) வந்தாலே மூலத்தைத் தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆர்செனிக்குக்குச் சிறுநீர், அதற்கு முன் நாலைந்து நாள் மீன், இறால் தின்னக் கூடாது, கடல் உணவின் தீங்கற்ற ஆர்செனிக் எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். உள்ளங்கை, உள்ளங்காலில் பருப்பு பருப்பாகத் தடித்த தோல், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி போன்ற புள்ளிகள் இருந்தால் தோல் மருத்துவரிடம் தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள். முடியை அனுப்பி 20 உலோகம் பார்க்கும் சோதனை பணத்துக்குக் கேடு.

பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; சரியாகச் செய்யாத மருந்தே காரணமாக இருக்கலாம். புகை பிடிப்பவர்கள் உடலில் கேட்மியம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும், வயல் சுத்தமாக இருந்தாலும். ‘நச்சு நீக்கும்’ பொடி எதுவும் கேட்மியத்தை வெளியே எடுக்காது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் கேட்மியத்தை அதிகம் உறிஞ்சும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அதைச் சரிசெய்வதே பெரிய தற்காப்பு.

எங்கள் ஊரில் டயாலிசிஸ் போகிறவர்கள் எல்லாம் இதனால்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை, வெயிலில் நீர் குடிக்காமல் வேலை, இவையும் இருக்கின்றன. அரிசியும் தண்ணீரும் சோதிக்காமல் சுரங்கத்தின் மேல் பழி போட்டால், உண்மையான வழக்கும் அதோடு நீர்த்துப்போகும்.

எண் வரம்பைத் தாண்டிவிட்டது. அடுத்து?

கோடெக்ஸ் வரம்பைத் தாண்டிய நெல்லை விற்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். கேட்மியம் 0.1-க்கும் 0.4-க்கும் நடுவில் என்றால், வீட்டு நெல்லில் பாதியையாவது (0.2-ஐத் தாண்டினால் இன்னும் அதிகமாக) வேறு வாய்க்கால் நெல்லாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த பருவம் தண்ணீர் முறையை மாற்றி மறுபடி சோதியுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும், ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் நாளிலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவில் சர்வே எண், வாய்க்கால் பெயர், மாதிரி எடுத்த தேதி, அறிக்கை எண் இருக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் தகராறுக்கு 6 மாதத்துக்குள்ளும், இழப்பீட்டுக்கும் நிலத்தைச் சீரமைக்கவும் 5 ஆண்டுக்குள்ளும் மனு போட வேண்டும். காரணம் காட்டினால் இரண்டுக்கும் மேலும் 60 நாள் தருவார்கள். மாதிரியில் ஒரு கிலோவை நீங்களே முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு மறுசோதனை கேட்கும்போது புது விளைச்சல் நெல்லைக் கொடுத்தால், அது வேறு தண்ணீரில் விளைந்தது என்று முடிந்துவிடும்.